எருதுத்தலை நீர்க்குறியை வைத்து 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிக்குக் காலம் சொல்வது எப்படி?

சுவடிமேசை:
வணக்கம். தென் ஜெர்மன் பகுதியில் எழுதப்பட்ட காகிதப் பிரதி ஒன்றுக்கு விவரக்குறிப்பு எழுத வேண்டும். குவார்ட்டோ (முழுத்தாளை இரண்டு முறை மடித்த) அளவு, ஏடு 212 × 145 மி.மீ. பன்னிரண்டு ஏடுகளைச் சேர்த்துத் தைத்த கட்டுகள் 14. பழைய அட்டவணையில் "15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி" என்று மட்டும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் முடிவுரையில் 1446 என்று ஆண்டு எழுதியிருக்கிறது.

தாளில் இருக்கும் நீர்க்குறி, அதாவது வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் உருவம், ஒரு எருதுத்தலை. தலைக்கு மேல் ஒரு தண்டு, அதன் நுனியில் நட்சத்திரம். தலை பாதிக்கு மேல் தையல் மடிப்புக்குள் போய்விடுகிறது. இணையத் தரவுதளத்தில் எருதுத்தலை என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறது. எதை அளந்தால் தேடலைக் குறுக்கலாம்? மடிப்புக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது?

சல்லடைக்கம்பி:
முதலில் ஒரு நல்ல செய்தி. குவார்ட்டோவில் குறி மடிப்பில் விழுந்தாலும், நமக்கு மிகவும் தேவையான அளவுகள் தப்பிவிடும்.

காரணம் இது. தாள் செய்யும் சல்லடையில் நெருக்கமான மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அவை வரிக்கோடுகளைப் பதிக்கும். அவற்றைக் கட்டி நிறுத்தும் கம்பிகள் அகலவாக்கில், சில சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போகும், அவை சங்கிலிக்கோடுகள். நீர்க்குறி என்பது வளைத்த கம்பி உருவம். அதைச் சல்லடையின் ஒரு பாதியின் நடுவில் மெல்லிய கம்பியால் தைத்து வைப்பார்கள். கூழ் அந்த இடத்தில் மெல்லியதாகப் படிவதால் வெளிச்சத்தில் உருவம் தெரிகிறது. முழுத்தாளை ஒரு முறை மடித்தால் ஃபோலியோ: சங்கிலிக்கோடு நிமிர்ந்து நிற்கும், குறி ஒரு ஏட்டின் நடுவில், ஜோடி ஏட்டில் ஒன்றும் இருக்காது. இரண்டாம் முறை மடித்தால் குவார்ட்டோ: சங்கிலிக்கோடு படுத்துவிடும், குறியும் பக்கவாட்டில் சாய்ந்து தையல் மடிப்பின் நடுவில் விழும். மூன்றாம் முறை மடித்தால் ஆக்டேவோ: குறி நான்கு துண்டாகி உள்மூலையின் மேல் விளிம்புக்குப் போகும், நூல் கட்டுபவர் விளிம்பை வெட்டும்போது அதிலும் பாதி போய்விடும்.

உங்கள் பிரதியில் மடிப்பு சங்கிலிக்கோடுகளைக் குறுக்காகத்தான் வெட்டுகிறது. அதனால் குறிக்கும் அதன் இருபுறச் சங்கிலிக்கோடுகளுக்கும் உள்ள தூரத்தைத் திறந்திருக்கும் பக்கத்திலேயே அளந்துவிடலாம். நிச்சயமில்லாமல் போவது உயரம் ஒன்றுதான்.

அதற்கும் வழி உண்டு. பன்னிரண்டு ஏட்டுக் கட்டு என்றால் ஆறு இரட்டையேடுகள் (நடுவில் மடித்து இரண்டு ஏடாகும் தாள்துண்டுகள்), அதாவது மூன்று முழுத்தாள். ஒவ்வொரு முழுத்தாளிலிருந்தும் குறி உள்ள இரட்டையேடு ஒன்று, இல்லாதது ஒன்று. எனவே கட்டுக்கு மூன்றில் குறி இருக்க வேண்டும். 14 கட்டுகளில் சிலவற்றிலாவது நடு இரட்டையேட்டில் குறி விழுந்திருக்கும். நடு இரட்டையேடு மட்டும்தான் மடிப்புவரை முழுதாக விரியும். அந்தக் கட்டுகளைத் தேடிப் பிடியுங்கள், முழு உருவம் கிடைக்கும். ஜெர்மன் பிரதிகளில் நூல் தாளைக் கிழிக்காமல் இருக்கக் கட்டின் நடுவில் தோல் பட்டை வைத்துத் தைப்பது வழக்கம். அது குறியை மறைத்தால் அடுத்த கட்டுக்குப் போய்விடுங்கள். பட்டையை நகர்த்திப் பார்க்கக் கூடாது.

அளக்க வேண்டியவை, எல்லாம் மி.மீட்டரில்:

குறியின் உயரம், அகலம். குறி இரண்டு சங்கிலிக்கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா, ஏதாவது ஒரு கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா. இடப்பக்கக் கோட்டிலிருந்து குறியின் இட விளிம்புவரை, வல விளிம்பிலிருந்து வலக்கோடுவரை. அதை, நடுவில் குறியின் அகலத்தை வைத்து, 6 [29] 4 என்பதுபோல எழுதினால் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். அருகிலுள்ள நான்கைந்து சங்கிலிக்கோடு இடைவெளிகளைத் தனித்தனியாக எழுதுங்கள், சராசரி எடுக்காதீர்கள். ஒரு சல்லடையின் இடைவெளிகள் ஒன்றுபோல் இருக்காது, அந்த ஒழுங்கின்மைதான் அதன் அடையாளம். கடைசியாக, 20 வரிக்கோடுகள் எத்தனை மி.மீ. பிடிக்கின்றன என்பது.

ஏட்டின் அளவும் பேசும். இத்தாலியின் போலோஞ்ஞாவில் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று நான்கு தாள் அளவுகளை வெட்டிக் காட்டுகிறது. அதில் மிகச் சிறியது சுமார் 315 × 450 மி.மீ. அதை நான்காக மடித்தால் 225 × 157. உங்கள் 212 × 145 விளிம்பு வெட்டிய பிறகு மிஞ்சியது என்று பொருந்துகிறது. சாதாரண அளவுத் தாள், வாங்கிய வேகத்தில் தீர்ந்துபோகிற சரக்கு. காலக் கணிப்புக்கு இது நல்லது. பெரிய அளவுத் தாள்தான் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் தங்கும்.

மங்கலொளி:
படம் எடுப்பது பற்றி நான் சொல்கிறேன்.

மெல்லிய ஒளித்தகடு வேண்டும். சூடாகாதது, சில மி.மீ. தடிமனுக்குள். நூலைப் பஞ்சுத் தாங்கிகளில் வைத்து, அது தானாகத் திறக்கும் கோணத்துக்கு மேல் விரிக்காமல், ஏட்டுக்குப் பின்னால் தகட்டைச் செருகுங்கள். ஏட்டுக்கு வெளியே தெரியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறைக்க வேண்டும். இல்லையென்றால் கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு தாளை இருட்டாக்கிவிடும். கேமரா ஏட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் 70 மி.மீ. குறியில் ஒன்றிரண்டு மி.மீ. பிசகும், ஒப்பீட்டில் அந்த ஒன்றிரண்டுதான் வழக்கு. அளவுகோல் ஏட்டின் அதே தளத்தில், சட்டகத்துக்குள் இருக்கட்டும்.

கேமராவை அசைக்காமல் இரண்டு படம்: ஒன்று பின்னொளியில், ஒன்று மேலொளியில். பிறகு கணினியில் இரண்டாவதை முதலாவதிலிருந்து கழித்தால் எழுத்து பெருமளவு மங்கி, தாளின் அமைப்பு எழும்பி வரும். மறுபக்க எழுத்து மட்டும் மிஞ்சும். அதன் மேலொளிப் படத்தையும் எடுத்து, இடவலம் திருப்பிக் கழித்துவிடலாம்.

மை அடர்த்தியாக இருந்தால் அகச்சிவப்புக் கேமரா கைகொடுக்கும். இடைக்கால ஐரோப்பிய எழுத்தர்கள் பெரும்பாலும் பயன்படுத்திய இரும்பு-மாசிக்காய் வகை மை, அகச்சிவப்பில் அலைநீளம் கூடக்கூட ஒளி ஊடுருவ விடும். கரிமை அப்படியில்லை, கறுப்பாகவே நிற்கும். பெரிய ஆய்வகங்களில் வெப்பப் படக்கருவி வைத்தும் எடுக்கிறார்கள். இன்னொரு முறை பீட்டா கதிர்ப்படம்: கார்பன்-14 கலந்த நெகிழித் தகடு ஒருபுறம், படச்சுருள் மறுபுறம், நடுவில் ஏடு, இருட்டில் சில மணி நேரம். தாளின் தடிமன் மட்டுமே பதிவாவதால் எழுத்து கிட்டத்தட்ட மறைந்துவிடும். 1960இல் லெனின்கிராடில் எராஸ்தோவ் அறிமுகப்படுத்தியது. இன்றும் இதைவிடத் தெளிவான படம் அரிது. ஆனால் ஒரு ஏட்டுக்கு அரை நாள் ஆகும், கதிரியக்கப் பொருள் என்பதால் எல்லா நூலகமும் வைத்திருப்பதில்லை.

ஏட்டின் மேல் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பதைப் பழைய கையேடுகளில் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யவே கூடாது.

சல்லடைக்கம்பி:
மங்கலொளி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். விளக்கைத் தாளோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் ஒரு பக்கத்தில் கம்பிகளின் பள்ளம் நிழலாகத் தெரியும். அது சல்லடைப் பக்கம். மறுபக்கம் கம்பளத் துணியில் கவிழ்த்த பக்கம், பள்ளம் மழுங்கியிருக்கும். தரவுதளப் படம் எந்தப் பக்கம் என்று எல்லா இடத்திலும் சொல்லியிருக்க மாட்டார்கள். 6 [29] 4 பொருந்தவில்லை என்று ஒதுக்குவதற்கு முன் 4 [29] 6 என்று திருப்பியும் பாருங்கள்.

தேடும் இடம்: உங்களுக்கு முதலில் ஸ்டுட்கார்ட் ஆவணக்காப்பகத்தில் உள்ள, ஜெர்மன் நீர்க்குறி ஆய்வாளர் பிக்கார்டின் தொகுப்பு. சுமார் 92,000 அட்டைகள், எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. எருதுத்தலைக்கு மட்டும் அவர் அச்சில் மூன்று பகுதிகள் ஒதுக்கினார் என்றால் அந்தக் காட்டின் அடர்த்தி புரியும். அவருக்கு முந்திய ஆய்வாளர் பிரிக்கேயின் 1907ஆம் ஆண்டுத் தொகுப்பில் 16,112 படிவரைவுகள் (தாளிலிருந்து கையால் வரைந்தெடுத்த படங்கள்). 1282 முதல் 1600 வரை. அது நல்ல நுழைவாயில், ஆனால் ஒரு வகைக்கு ஒன்றிரண்டு மாதிரி மட்டுமே காட்டும். ஜெர்மன் மொழி நாடுகளின் கூட்டுத் தரவுதளத்தில் உருவ வகைப்பாட்டு மரம் இருக்கிறது: கண் உண்டா, மூக்குத்துளை உண்டா, தண்டு ஒற்றைக் கம்பியா இரட்டைக் கம்பியா, நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று கிளை கிளையாக இறங்கலாம். கடைசிக் கிளையில் உயரத்தையும் கோட்டு இடைவெளியையும் கொடுத்துச் சலியுங்கள். உயரத்துக்கு 3 மி.மீ. வரை விட்டுக்கொடுங்கள். தாள் காயும்போது சுருங்குகிறது, படிவரைவு எடுத்த கையிலும் பிழை உண்டு.

கீழைத்தாள்:
குறுக்கிடுகிறேன். "நீர்க்குறி இல்லை, ஆகவே ஐரோப்பியத் தாள் இல்லை" என்றும், "சிலுவைக் குறி இருக்கிறது, ஆகவே கிறிஸ்தவப் பிரதி" என்றும் சிலர் முடிவுகட்டுவதைப் பார்க்க முடிகிறது. இரண்டும் தவறு. குவார்ட்டோவில் பாதி இரட்டையேடுகளில் குறி இருக்காது என்பதை மேலே சொல்லிவிட்டார்கள். சிலுவை விஷயத்தில், 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இத்தாலியத் தாள் வட ஆப்பிரிக்கச் சந்தைகளை நிறைத்துவிட்டது. அந்தத் தாளில் இஸ்லாமிய நூல்களை எழுதலாமா என்ற கேள்வி எழுந்து, 1409இல் திலிம்சானின் (இன்றைய அல்ஜீரியா) இஸ்லாமியச் சட்ட அறிஞர் இப்னு மர்சூக் அது ஆகும் என்று விரிவாகவே தீர்ப்பு எழுதினார். தாளின் குறி ஆலையைச் சொல்லும். எழுதியவரின் சமயத்தைச் சொல்லாது.

அரபுலகில் செய்த தாளில் நீர்க்குறியே கிடையாது. அங்கே சங்கிலிக்கோடுகள் இரண்டு இரண்டாகவோ மூன்று மூன்றாகவோ கூடியிருப்பதை வைத்துத்தான் வகை பிரிக்க வேண்டும். ஆண்டு அளவுக்குத் துல்லியம் அங்கே எதிர்பார்க்க முடியாது.

சுவடிமேசை:
எல்லோருக்கும் நன்றி. 3, 8, 11ஆம் கட்டுகளின் நடுவில் முழு உருவம் கிடைத்தது. உயரம் தண்டும் நட்சத்திரமும் சேர்த்து 74. குறி இரண்டு கோடுகளுக்கு நடுவில்: 5 [31] 6. 20 வரிக்கோடுகள் 25 மி.மீ. பிக்கார்ட் அட்டைகளில் ஒன்று உயரம் 74, கோட்டு இடைவெளி 42 என்று ஒத்துவருகிறது. அது 1453ஆம் ஆண்டு ஆவணம். அருகிலேயே மிக நெருக்கமாக இன்னொன்று, 1452. அப்படியானால் முடிவுரையில் உள்ள 1446? தாளை நம்புவதா, எழுத்தரை நம்புவதா?

ஒரு சந்தேகம். 8ஆம் கட்டில் இருக்கும் தலைக்கு இடக்கொம்பு சற்று உள்வளைந்திருக்கிறது. 3இலும் 11இலும் அப்படி இல்லை. இது வேறு தாளா?

சல்லடைக்கம்பி:
அந்தக் கொம்புதான் இந்த இழையில் இதுவரை வந்த மிக நல்ல செய்தி.

தொட்டியில் வேலை இரண்டு சல்லடைகளால் நடக்கும். ஒருவர் ஒரு சல்லடையைக் கூழில் முக்கி எடுப்பதற்குள், மற்றவர் முந்தைய சல்லடையிலிருந்து தாளைக் கம்பளத்தில் கவிழ்த்துவிடுவார். இரண்டும் ஒரே வேகத்தில் மாறி மாறிப் போகும். ஆகவே எந்தத் தாள் சரக்கிலும் கிட்டத்தட்ட சரிபாதியாக இரண்டு குறிகள் கலந்திருக்கும்: ஒரே உருவம், ஆனால் கையால் வளைத்ததால் சிறு வேறுபாடு. 1950களின் தொடக்கத்தில் தாள் ஆய்வாளர் ஆலன் ஸ்டீவன்சன் இதை அழுத்திச் சொன்ன பிறகுதான் இந்தத் துறை உறுதியான தரையில் நின்றது. அதற்கு முன்பு இரட்டையரில் ஒன்றை "மாறுபட்ட வடிவம்" என்று தனியாக எண்ணி, காலக்கணக்கையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: 14 கட்டுகளிலும் குறி உள்ள ஒவ்வொரு இரட்டையேட்டையும் அ, ஆ என்று பிரித்து அட்டவணை போடுங்கள். சுமார் 42 வர வேண்டும். இரண்டும் ஏறக்குறைய பாதிப்பாதி என்றால் அது ஒரே சரக்கு. பிறகு நீங்கள் கண்டுபிடித்த 1452, 1453 அட்டைகளை அ, ஆவோடு தனித்தனியாகப் பொருத்துங்கள். ஒன்று அவுக்கும் மற்றொன்று ஆவுக்கும் பொருந்தினால், ஜோடியே பிடிபட்டுவிட்டது. ஒற்றைக் குறி பொருந்துவதைவிட ஜோடி பொருந்துவது பலமடங்கு உறுதி.

"பொருந்துவது" என்றால் என்ன என்பதில் கண்டிப்பு வேண்டும். இரண்டு படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அளவை அளவுகோலை வைத்துச் சரிசெய்ய வேண்டும். குறியைப் பார்த்து இழுத்துப் பொருத்தக் கூடாது. இழுத்தால் எந்த எருதும் எந்த எருதோடும் பொருந்தும். பிறகு தையல் புள்ளிகளைப் பாருங்கள். உருவத்தைச் சல்லடையில் கட்டிய இடங்களில் சிறு வெளிச்சப் பொட்டுகள் தெரியும். உருவம் ஒத்து, பொட்டுகள் வேறிடத்தில் இருந்தால், ஒன்று வேறு சல்லடை, இல்லையென்றால் அதே சல்லடையில் பிரிந்து மறுபடி கட்டிய குறி.

கோப்புநூல்:
1446க்கு வருகிறேன். ஆண்டு போட்ட முடிவுரை என்றால் அதுதான் கடைசி வார்த்தை என்று பலர் நம்புகிறார்கள். எழுத்தர்கள் மூலப் பிரதியின் முடிவுரையையும் ஆண்டோடு சேர்த்து அப்படியே நகல் எடுப்பது சாதாரணமாக நடந்தது. தாள் இங்கே சாட்சி சொல்ல முடியும், ஆனால் ஒரு திசையில் மட்டும்: தாள் செய்வதற்கு முன்னால் எழுத முடியாது. எவ்வளவு பிந்தி எழுதினார்கள் என்பதைத் தாள் நிகழ்தகவாகத்தான் சொல்லும்.

இதற்குப் பெரிய முன்னுதாரணம் மிஸாலே ஸ்பெசியாலே என்ற பழைய அச்சு வழிபாட்டு நூல். அச்சு எழுத்து முரடாக இருக்கிறது என்பதால் அது குட்டன்பெர்க் பைபிளுக்கும் முந்தியது என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாதம் நடந்தது. ஸ்டீவன்சன் அதன் தாளின் குறிகளைக் பாசெல் நகரில் அச்சான, காலம் தெரிந்த நூல்களின் குறிகளோடு, கம்பி எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதுவரை ஒப்பிட்டு, 1473 என்று 1967இல் நிறுவினார். வாதம் அதோடு அடங்கியது.

சுவடிமேசை:
காதோலிகான் விஷயத்தில் அப்படி அடங்கவில்லையே?

கோப்புநூல்:
உண்மை. காதோலிகான் என்ற லத்தீன் அகராதியின் மைன்ஸ் நகர அச்சுப் பதிப்பில் 1460 என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் பிரதிகள் மூன்று வகைத் தாளில் இருக்கின்றன, அவற்றில் இரண்டு வகை 1460களின் கடைசிக்கும் அதற்குப் பிந்தியும்தான் வேறெங்கும் தென்படுகின்றன. ஒரே எழுத்துக் கோப்பை மூன்று காலங்களில் திரும்ப அச்சடித்தார்கள் என்பது அச்சு வரலாற்று ஆய்வாளர் பால் நீதமின் விளக்கம். மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே சண்டை தாளின் காலத்தைப் பற்றியதைவிட, அச்சடித்த முறையைப் பற்றியது. தாளின் சான்றை யாராலும் ஒதுக்கித் தள்ள முடியவில்லை என்பதையே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

சல்லடைக்கம்பி:
உங்கள் பிரதிக்கு அதே கண்டிப்பைப் பொருத்தினால்: இடைவிடாமல் வேலை நடக்கும் ஆலையில் ஒரு ஜோடிச் சல்லடை ஓரிரண்டு ஆண்டு ஓடும், மந்தமான ஆலையில் இன்னும் சற்று. 1446இல் இருந்த ஜோடி 1453இலும் அதே நிலையில் இருந்தது என்பது நம்பக் கடினம். சாதாரணத் தாள் செய்து மூன்று நான்கு ஆண்டுக்குள் பெரும்பாலும் எழுதப்பட்டுவிடும் என்பது பிக்கார்டின் கணக்கு. பிரிக்கே பதினைந்து ஆண்டுவரை விட்டுக்கொடுத்தார். எனக்குப் பிக்கார்டின் கணக்கு நெருக்கமாகப் படுகிறது, ஒரு நிபந்தனையோடு: நூல் முழுக்க ஒரே சரக்கு ஓட வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஏட்டுக்கு ஒரே சரக்கு என்றால் எழுத்தர் கட்டாக வாங்கி எழுதியிருக்கிறார். மாறாக ஒரே ஒரு கட்டில் மட்டும் ஒரு குறி எட்டிப்பார்த்தால், அது மிச்சம் மீதித் தாளாக இருக்கலாம், அதை வைத்துக் காலம் சொல்லக் கூடாது.

ஆகவே 14ஆம் கட்டை, முடிவுரை இருக்கும் கட்டை, தனியாகப் பாருங்கள். அதிலும் அ, ஆ இருக்கின்றனவா? அந்த ஏடு பின்னால் ஒட்டியதா, ஜோடி ஏட்டோடு சங்கிலிக்கோடுகள் மடிப்பைத் தாண்டித் தொடர்கின்றனவா? கையெழுத்தும் மையும் முந்தைய பக்கத்தோடு ஒன்றா? இன்னொன்று: அட்டையின் உட்புறம் ஒட்டிய தாளையும் காப்பேடுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை நூலைக் கட்டிய காலத்தைச் சொல்பவை.

தாழ்வாரம்:
இடையில் ஒரு கேள்வி. சென்னை ஆவணக்காப்பகத்தில் உள்ள டச்சுப் பதிவேடுகளுக்கு இதே முறை செல்லுமா?

கோப்புநூல்:
செல்லும், ஆனால் காலமும் கருவிநூல்களும் வேறு. அது 17, 18ஆம் நூற்றாண்டுத் தாள். ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னம், ப்ரோ பாட்ரியா ('தாய்நாட்டுக்காக' என்ற லத்தீன் சொற்கள் கொண்ட குறி) போன்ற குறிகள் வரும். அவற்றோடு ஆலைக்காரரின் பெயரெழுத்துகள் தாளின் எதிர்ப்பாதியில் இருக்கும், அதையும் பதிய வேண்டும். தாள் கப்பலில் வந்ததால் செய்த ஆண்டுக்கும் எழுதிய ஆண்டுக்கும் இடைவெளி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வசதி என்னவென்றால் பதிவேட்டில் தேதி இருக்கும்; அங்கே தாளை வைத்துத் தேதி கண்டுபிடிப்பதைவிட, தேதியை வைத்துத் தாளுக்கு அட்டவணை உருவாக்குவதுதான் பயனுள்ள வேலை. தனி இழை தொடங்குங்கள், எழுதுகிறேன்.

சுவடிமேசை:
அட்டவணை போட்டுவிட்டேன். குறி உள்ள இரட்டையேடுகள் 41. அ 22, ஆ 19. 1453 அட்டையின் மூலத்தாள் படம் அவோடு ஒத்துப்போகிறது, தையல் பொட்டுகள் உட்பட. 1452 அட்டை ஆவோடு. அதற்குப் படிவரைவு மட்டுமே இருப்பதால் பொட்டுகள் தெரியவில்லை, கோட்டுத் தூரம் மட்டும் ஒத்துப்போகிறது. 14ஆம் கட்டில் அ இரண்டு, ஆ ஒன்று. முடிவுரை ஏடு தன் ஜோடியோடு ஒரே தாள், அதே கை, அதே மை.

41 என்பது ஒன்று குறைகிறதே, அது சிக்கலா?

சல்லடைக்கம்பி:
இல்லை. முழுத்தாளை வெட்டி அடுக்கிய பிறகு இரட்டையேடுகள் கட்டுக்குக் கட்டு மாறிப் போகும். கடைசித் தாளின் பாதி வேறு நூலுக்குப் போயிருக்கலாம். 30தான் இருந்தது என்றால் வேறு சரக்கு கலந்திருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

விவரக்குறிப்பில் இரண்டு தேதியையும் தனித்தனியாக எழுதுங்கள், ஒன்றை மற்றொன்றுக்குள் கரைக்காதீர்கள். "முடிவுரையில் 1446, மூலப் பிரதியிலிருந்து நகலெடுத்ததாகத் தெரிகிறது. தாள்: எருதுத்தலை, தண்டும் நட்சத்திரமும், சல்லடை ஜோடி. அ: 1453 குறியோடு ஒன்றே. ஆ: 1452 குறிக்கு மிக நெருக்கம், உறுதியாகவில்லை. எழுதிய காலம் சுமார் 1452–1456." அட்டை எண்களையும் 5 [31] 6 என்ற அளவையும், சல்லடைப் பக்கத்திலிருந்து அளந்தது என்பதையும் சேருங்கள். ஆவுக்கு ஒரு பீட்டா கதிர்ப்படமோ தெளிவான பின்னொளிப் படமோ ஸ்டுட்கார்டுக்கு அனுப்பிக் கேட்டால், அந்த 1452 ஆவணத்தின் மூலத்தாளோடு ஒப்பிட முடியுமா என்று சொல்வார்கள்.